தட்டு கீறல் விழுந்திருக்கா என்று கேட்டேன்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போ. பேரன் பிளஸ் டூ படிக்கான். ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருக்கான். லேப்டாப்பைப் பிடுங்கி வைக்கணும்னு அவன் அப்பா ஒத்தைக்கால்ல நிக்கான். நீ டீச்சர், நீ சொன்னா கேப்பான்."

முப்பத்தாறு வருஷம் சாக்பீஸ் பிடித்தவள் நான். "நீ சொன்னா கேப்பான்" என்ற வார்த்தைக்கு இன்னமும் மயங்குவேன். பஸ் ஏறிவிட்டேன்.

பையன் கதவைத் திறந்து, "வாங்க டீச்சராச்சி" என்றான். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) புத்தி சொல்லுவதற்கு முன் அவன் என்னதான் கேட்கிறான் என்று பார்ப்போமே என்று, "எங்கே, அதைக் கொடு" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

டும், டும், டும், டும். நடுவே டிக், கிர்க், ப்சக். யாரோ ஒரு பெண் "ஆ" என்று ஆரம்பிக்கிறாள், அந்த எழுத்து முடிவதற்குள் அறுந்துவிடுகிறது. பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தட்டு கீறல் விழுந்திருக்கா?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "கீறல்தான் ஆச்சி பாட்டே" என்றான்.

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி அங்கேயே தங்கி, அவனை டீச்சராக்கி நான் மாணவியாக உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கேட்டும் படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பாடம் எடுத்த வாய் சும்மா இருக்காது!

இந்த இசைக்கு மைக்ரோஹவுஸ் என்று பெயர். இதன் தாய் ஹவுஸ். 1980-களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்த நடன இசை. அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்ற நடனக் கூடத்தில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளைக் கோத்து ஒலிக்கவிடுவார். அந்தக் கூடத்தின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற பெயர் வந்தது என்பார்கள். நிமிடத்துக்கு 120, 125 அடி, விடாமல் ஒரே சீராக. 125 என்று வைத்துக்கொண்டால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை விநாடிகூட இல்லை.

1990-களின் கடைசியில் ஜெர்மனியின் கொலோன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நகரங்களில் இந்த ஹவுஸை இளைக்க வைத்தார்கள். பெரிய மெட்டு, முழுப்பாட்டு எல்லாவற்றையும் கழித்தார்கள். எஞ்சியது அடியும், இடையில் பொடிப்பொடியான ஒலித் துணுக்குகளும். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு விநாடியை ஆயிரம் துண்டாக நறுக்க முடிந்த காலம் அது. ஃபிலிப் ஷெர்பர்ன் என்ற இசை எழுத்தாளர் 2001-ல் இதற்கு மைக்ரோஹவுஸ் என்று பெயர் வைத்தார்.

நான் கேட்ட கீறலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் மார்கஸ் பாப் என்பவரின் ‘ஓவல்’ குழு 1990-களில் சிடியின் அடிப்பக்கத்தில் பேனாவால் கிறுக்கி, அது திக்கித் திக்கி ஓடும்போது வரும் சத்தத்தைப் பிடித்து இசையாக்கியது. அது ஆட்ட இசை அல்ல. ஆனால் பழுதான சத்தத்தையும் பயன்படுத்தலாம் என்ற துணிச்சல் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் இந்தப் பக்கம் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மார்க் லெக்லேர். அக்குஃபென் என்ற பெயரில் 2002-ல் ‘மை வே’ என்ற ஆல்பம் வெளியிட்டார். ரேடியோவில் வந்ததை எல்லாம் பதிவு செய்து, பேச்சு, பாட்டு, விளம்பரம் என்று பாராமல் கண் இமைக்கும் நேரத் துண்டுகளாக வெட்டி அடுக்கியிருக்கிறார். கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் வந்தது. இலங்கை வானொலிக்காக அப்பா முள்ளை நகர்த்தும்போது நடுவில் ஒரு கிர்ர், அரை வார்த்தை ஹிந்தி, ஒரு துளி வயலின் என்று வந்து போகும். அப்பா அதைத் தாண்டிப் போகத்தான் அவசரப்படுவார். இந்த மனிதரோ அந்த நடுவழியிலேயே குடியிருந்திருக்கிறார்!

இங்கிலாந்தின் மாத்யூ ஹெர்பர்ட் 1998-ல் ‘அரவுண்ட் தி ஹவுஸ்’ என்ற ஆல்பத்தில் வாஷிங் மெஷின், டோஸ்டர் என்று வீட்டுச் சாமான்களின் சத்தத்தையே தாளத்தில் கோத்தார்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். சிலியில் பிறந்து, 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்து வளர்ந்தவர் ரிக்கார்டோ வில்லலோபோஸ். அவருடைய ஒரு உருப்படி ஏறத்தாழ 37 நிமிடம் ஓடுகிறது. இருபதாவது நிமிடத்தில் தூங்கிப்போனேன். விழித்தபோதும் டும் டும் என்று போய்க்கொண்டிருந்தது.

இப்போது உறவுகளுக்கு. நீங்கள் என்னிடம் சொன்னவை மூன்று.

ஒன்று, "இது வெறும் இரைச்சல், ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுகிறான்." வாய்ப்பாடும் அப்படித்தானே ஒப்பித்தோம்? மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கே பிடிபட்டது. அந்த டும், கச்சேரியில் நாம் தொடையில் போடுகிற தாளம் மாதிரி. தாளம் கையில் இருப்பதால்தானே மிருதங்கக்காரர் ஓர் அடியை வெறுமையாக விட்டால் நமக்கு மனசு துள்ளுகிறது? இங்கேயும் ஒரு டிக் முன்னே நகரும், ஒரு கிர்க் காணாமல் போகும். காது அதைத் தேடிப் போகும்.

இரண்டு, "குடித்துவிட்டு ஆடுகிற இடத்துப் பாட்டு." ராத்திரி நடனக் கூடங்களில் வளர்ந்த இசைதான், மறைக்கவில்லை. ஆனால் சிகாகோவில் அந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள். மற்ற இடங்களில் முகம் சுளித்து ஒதுக்கப்பட்டவர்கள் நிம்மதியாக ஆட ஓர் இடம் வேண்டியிருந்தது. நம் ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நின்று பறை அடித்தவர்களின் கலையை இன்று மேடையில் ஏற்றிக் கைதட்டுகிறோம். பிறந்த இடத்தை வைத்து ஒரு கொட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதை நாம் தாமதமாகக் கற்றோம். மறுபடியும் தவற வேண்டாம்.

மூன்று, "படிப்பு கெடும்." இதில் நியாயம் இருக்கிறது. அவனுடைய கணக்கு மார்க்கைப் பார்த்தேன், நன்றாக இல்லை. இசை கேட்டால் மார்க் ஏறும் என்று நான் கதை விட மாட்டேன். மார்க் வேறு கணக்கு, இது வேறு கணக்கு. பத்து மணிக்கு மேல் ஹெட்போன் கிடையாது, சத்தம் பாதிக்கு மேல் வைக்கக் கூடாது, தினமும் காலையில் ஒரு மணி நேரம் கணக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். ஒத்துக்கொண்டான். ஆனால் லேப்டாப்பைப் பிடுங்கக் கூடாது என்பது என் முடிவு.

ஏன் என்று சொல்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் பென்சிலால் தட்டிக்கொண்டே இருப்பான். தட்டுவான், நிறுத்துவான், எதிர்பாராத இடத்தில் மறுபடி தட்டுவான். பக்கத்துப் பையன்கள் எல்லாம் அவனையே பார்ப்பார்கள். ஒருநாள் கோபத்தில் பாக்ஸைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா, தாரேன்" என்றேன். அப்பா வரவில்லை. அடுத்த வருஷம் பையனும் வரவில்லை. அவன் படிப்பை விட்டதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த பாக்ஸ் என்னிடமே தங்கிவிட்டது. ஓய்வு பெற்ற அன்று டிராயரைக் காலி செய்தபோது கையில் வந்தது. உள்ளே காம்பஸும் துருப்பிடித்த டிவைடரும் இருந்தன. இன்றும் என் பீரோவில் இருக்கிறது. மாணவர்களில் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பெயரை இங்கே பின்னூட்டத்தில் போட வேண்டாம்.

ஒரு பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்குவதற்கு முன், அதை வைத்து அவன் என்ன செய்கிறான் என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் பிழை திருத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். சிவப்பு மையைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் காத்திருப்பதை நானாகக் கற்க இவ்வளவு வயதாகிவிட்டது.

கிளம்புகிற அன்று பையன் தானே செய்ததைப் போட்டுக் காட்டினான். நாலு நிமிடம். கேட்டு முடித்து, ஹெட்போனைத் தங்கை காதில் மாட்டிவிட்டேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, இது நம்ம வெத்தலை உரல்லா?"

உரல்தான். அவள் தினம் மத்தியானம் வெற்றிலை இடிக்கிற சத்தத்தை அவளுக்கே தெரியாமல் போனில் பிடித்திருக்கிறான். அதோடு கேட்டுக் கொண்டி, குக்கர் விசிலின் முதல் மூச்சு. தங்கை முழுதும் கேட்டாள். கழற்றிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் மெதுவா இடிச்சிருப்பேன், சொல்லியிருந்தா" என்றாள்.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். யூடியூபில் கிடைக்கிறது. அக்குஃபெனில் ஆரம்பியுங்கள், அடுத்து ஹெர்பர்ட். 37 நிமிடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் அவசியம். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மூன்று முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்