இலவசத்தின் யோக்கியதை

கம்ப்யூட்டரும் செல்போனும் இன்று பணக்காரர் வீட்டுச் சாமான்களாக மாத்திரம் இல்லாமல், கூலி வேலை செய்பவர் கையிலும், குடியானவர் மடியிலும், பள்ளிப் பிள்ளைகளிடத்திலும் வந்து சேர்ந்திருப்பதைக் குறித்து நாம் பெரிதும் மகிழ்ச்சியடைகின்றோம். அறிவு ஒரு சிலருக்கு மாத்திரம் உரியது என்றிருந்த நிலைமையை உடைப்பதற்கு இவைகளைப் போன்ற கருவிகள் வேறில்லை. ஆனால், இக்கருவிகளுக்குள் “இலவசம்” என்ற பெயரால் நுழைக்கப்படும் சரக்குகளின் யோக்கியதை என்ன என்பதைப் பற்றி நம் மக்களில் பெரும்பாலோர் சிறிதாவது யோசிப்பதாகத் தெரியவில்லை. ஆதலால் அதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

விஷயம் யாதெனில், பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, விளையாட ஒன்று, திரையில் வேடிக்கை காட்ட ஒன்று என்பதாக எத்தனையோ சாப்ட்வேர்கள் இண்டர்நெட்டில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒருவர் அவைகளில் ஒன்றை இறக்கிக்கொண்டு, “நெக்ஸ்ட், நெக்ஸ்ட்” என்று நான்கு தடவை அமுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அழைத்த விருந்தாளி ஒருவன் வரும்போதே, அவன் பின்னால் அழைக்காத ஆட்கள் இரண்டு மூன்று பேரும் வீட்டிற்குள் நுழைந்துவிடுகிறார்கள். இவர்கள் கூடத்தில் உட்காருவதில்லை. பரண்மேல் ஏறி ஒளிந்துகொள்ளுகிறார்கள். நாம் எந்தப் பக்கத்தைப் பார்த்தோம், எதைத் தேடினோம், எங்கே இருக்கிறோம் என்பவைகளையெல்லாம் குறித்து வைத்து எஜமானனுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். கேளாத விளம்பரங்களைக் கண்முன் தள்ளுகிறார்கள். இதற்குத்தான் ஒற்று சாப்ட்வேர், அதாவது ஸ்பைவேர் என்று பெயர்.

இது நமது கற்பனையல்ல. அமெரிக்காவில் கேட்டர் என்று ஒரு சாப்ட்வேர் இருந்தது. இரகசியச் சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும், படிவங்களைத் தானே பூர்த்தி செய்யும் என்று சொல்லி அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அது செய்த வேலை, ஆசாமி எந்தெந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்து அதற்குத் தகுந்த விளம்பரத்தை எதிரில் எறிவது. பாட்டும் படமும் பரிமாறிக்கொள்ளக் கோடிக்கணக்கான பேர் உபயோகித்த கஸா என்னும் இலவச சாப்ட்வேரோடு இந்தக் கேட்டரும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதுவும் போதாதென்று, அதே கஸாவுக்குள் ஜனங்களுடைய கம்ப்யூட்டர்களையே தங்கள் வியாபாரத்துக்கு வேலை வாங்கத்தக்க மற்றொரு சாப்ட்வேரும் அடக்கமாக வைக்கப்பட்டிருந்தது 2002ஆம் வருஷம் ஏப்ரலில் வெளியாயிற்று. கேட்டபோது, “நிபந்தனைகளில் எழுதியிருக்கிறதே, நீங்கள் ஒப்புக்கொண்டீர்களே” என்பதுதான் சமாதானம்.

ஸாங்கோ என்ற கம்பெனியின் கதையைப் பாருங்கள். இலவச விளையாட்டுகளோடும், திரை அலங்காரங்களோடும் சேர்ந்து இவர்களுடைய விளம்பரச் சரக்கு 7 கோடி தடவைக்கு மேல் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்பட்டு, 690 கோடிக்கு மேற்பட்ட விளம்பரங்களைக் காட்டியதாக அமெரிக்க சர்க்காரின் பெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டியது. பெரும்பாலோருக்கு அது ஏறியதே தெரியாது. தெரிந்தவர்களாலும் அதைச் சுலபத்தில் எடுக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்திருந்தார்கள் என்பதும் கமிஷனுடைய குற்றச்சாட்டு. 2006 நவம்பரில் 30 லட்சம் டாலர் கொடுத்து அக்கம்பெனி ராஜி செய்துகொண்டது.

இனி ஒரு சாதாரண டார்ச் விளக்கின் யோக்கியதையைக் கவனிப்போம். செல்போனில் வெளிச்சம் காட்டுவதற்கென்று இலவசமாக ஒரு ஆப். கோடிக்கணக்கில் ஜனங்கள் அதை இறக்கிக்கொண்டார்கள். அது வெளிச்சம் காட்டியது வாஸ்தவந்தான். ஆனால் கையில் வைத்திருப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும் விளம்பரக்காரர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. வேடிக்கை என்னவெனில், “சம்மதமா, இல்லையா?” என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லுவதற்கு முன்னமேயே தகவல் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது என்று 2013 டிசம்பரில் அதே கமிஷன் எடுத்துக்காட்டிற்று.

இது நிற்க, காவல்காரன் கதை இன்னும் மோசமானது. கம்ப்யூட்டருக்கு வரும் நோய்களைத் தடுக்கவும், பிறர் நம்மைப் பின்தொடராமல் காக்கவும் என்று சொல்லி அவாஸ்ட் என்னும் கம்பெனி இலவச சாப்ட்வேர் கொடுத்துவந்தது. அந்தக் காவல்காரனே, வீட்டுக்காரர் இண்டர்நெட்டில் எங்கெங்கே போய்வந்தார் என்ற கணக்கை ஜம்ப்ஷாட் என்ற தன்னுடைய கிளைக் கம்பெனி மூலம் விலைக்கு விற்றது அம்பலமாயிற்று. 2020இல் அந்தக் கிளை மூடப்பட்டது. 2024இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டும்படியும், விளம்பரத்துக்காக அவ்விதத் தகவல்களை இனி விற்கக்கூடாதென்றும் ஏற்பாடாயிற்று. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் குடியானவர்கள் சொல்லும் வார்த்தைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா என்று கேட்கின்றோம்.

இவ்வளவும் ஏன் நடைபெறுகின்றன என்று யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்காமற் போகாது. சாப்ட்வேர் செய்கிறவனுக்கும் வயிறு உண்டு, வாடகை உண்டு. நம்மிடம் காசு வாங்காதவன் வேறு யாரிடமோ வாங்கித்தான் தீரவேண்டும். ஒற்று சாப்ட்வேர்க்காரன், “உன் சரக்கோடு என் சரக்கையும் சேர்த்து அனுப்பு, ஏறும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இவ்வளவு” என்று தலைக்கு இவ்வளவாகக் கூலி பேசுகிறான். ஆகவே, விற்கப்படுவது சாப்ட்வேர் அல்ல, விற்கப்படுவது நாம். தரகு வாங்குகிறவன் இலவசக்காரன். சந்தையில் மாட்டை விற்கிறவன்கூட மாட்டுக்குப் புல் இலவசமாகத்தானே போடுகிறான்?

இப்படிச் சொல்லுவதால் காசில்லாமல் கிடைப்பவை எல்லாம் மோசம் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பலர் கூடி உழைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாவரும் பார்க்கும்படி மூலத்தையே திறந்து வைத்து, உலகத்துக்குப் பொதுவாக விட்டிருக்கும் சாப்ட்வேர்கள் எத்தனையோ இருக்கின்றன. படம் வரைவதற்கான கிம்ப் என்பது அவைகளில் ஒன்று. ஆனால் தரகர்கள் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 2015இல் சோர்ஸ்போர்ஜ் என்ற விநியோக ஸ்தலம், கிம்ப்பின் சொந்தக்காரர்களுடைய சம்மதமில்லாமலே அந்தச் சாப்ட்வேரை வேறு விளம்பரச் சரக்குகளோடு கட்டிக் கொடுத்தது. கூச்சல் பலமாகவே அதை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஸ்தலம் கைமாறியதும் புதிய முதலாளிகள் அந்த வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். ஆகவே நாம் பார்க்க வேண்டியது விலை இருக்கிறதா இல்லையா என்பதையல்ல. ஒளிவு இருக்கிறதா இல்லையா என்பதையேயாகும்.

இனி, “நீங்கள்தானே சம்மதித்தீர்கள்” என்ற வாதத்தைக் கவனிப்போம். சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது? பொடி எழுத்தில், வக்கீல் பாஷையில், பக்கம் பக்கமாக எழுதி, அடியில் “சம்மதிக்கிறேன்” என்று ஒரு கட்டத்தைப் போட்டு வைக்கிறார்கள். சில இடங்களில் அந்தக் கட்டத்துக்கு அவர்களே முன்கூட்டி அடையாளமும் போட்டுவிடுகிறார்கள். இதை யார் படிக்கிறார்கள்? பி.சி. பிட்ஸ்டாப் என்ற கம்பெனி, இதைச் சோதிப்பதற்கென்றே, “இதைப் படித்துவிட்டு எழுதுகிறவருக்குச் சன்மானம் உண்டு” என்று தன் நிபந்தனைகளுக்குள் எழுதி வைத்தது. நாலு மாதம் கழித்து, 3,000 பேருக்கு மேல் இறக்கிக்கொண்ட பிறகு, ஒரே ஒருவர் எழுதி 1,000 டாலர் பெற்றார். 2016இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், “இதற்கு விலையாக முதல் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும்” என்று ஒரு பொய்யான ஸ்தாபனத்தின் நிபந்தனையில் எழுதி 543 கல்லூரி மாணவர்களிடம் நீட்டினார்கள். நூற்றுக்கு 98 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. 2010 ஏப்ரல் முதல் தேதி இங்கிலாந்தில் கேம்ஸ்டேஷன் என்ற கடைக்காரர்கள், “வாங்குகிறவருடைய அழியாத ஆன்மா எங்களுக்கே சொந்தம்” என்று விளையாட்டாகச் சேர்த்து எழுதினார்கள். சுமார் 7,500 பேர் ஒப்புக் கொடுத்துவிட்டதாக அவர்களே தெரிவித்தார்கள். இல்லாத ஆன்மாவைக் கொடுத்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நாம் சிரித்துவிடலாம். ஆனால் இருக்கிற விலாசத்தையும், இருக்கிற பெயரையும், இருக்கிற பணத்தின் கணக்கையும் இதே விதமாகத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தலையாட்டுவதைக் குறித்து நாம் எவ்வளவோ எழுதியிருக்கின்றோம். அர்த்தம் தெரியாத நிபந்தனைக்கு விரலை அமுக்குவது அதைவிட எவ்விதத்தில் உயர்ந்தது? வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை எழுதிக்கொண்ட லேவாதேவிக்காரனும் “சம்மதித்தான்” என்றுதானே கோர்ட்டில் சொன்னான்? விளங்காமல் கொடுக்கப்படும் சம்மதம் சம்மதமே அல்ல என்பது நமது அபிப்பிராயம்.

அப்படியானால் எல்லாக் குற்றமும் ஏமாற்றுகிறவனுடையதுதானா, நமக்குப் பொறுப்பே இல்லையா என்று சிலர் கேட்கலாம். குற்றம் முழுவதும் ஏமாற்றுகிறவனுடையதே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. “நீ ஏன் படிக்கவில்லை” என்று ஏமாந்தவனையே குற்றவாளியாக்குவது அயோக்கியத்தனம். ஒருவர் ஒரு வருஷத்தில் பார்க்கும் இண்டர்நெட் பக்கங்களின் தகவல் நிபந்தனைகளை மாத்திரம் படிப்பதானால் சுமார் 201 மணி நேரம் ஆகும் என்று 2008இலேயே அமெரிக்காவில் கார்னகி மெலன் சர்வகலாசாலைக்காரர்கள் கணக்கிட்டார்கள். உழைத்துப் பிழைப்பவனுக்கு அதற்கு நேரம் ஏது?

ஆனால், குற்றம் வேறு, பொறுப்பு வேறு. திருடினவன் குற்றவாளி என்பதற்காக நாம் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. அன்றியும், இங்கே திருட்டுப் போவது நம் சொத்து மாத்திரமல்ல. செல்போனில் நூறு பேருடைய பெயரும் நம்பரும் இருக்கின்றன. “விலாசப் புத்தகத்தைப் பார்க்க அனுமதிக்கவா?” என்று ஒரு ஆப் கேட்டு, நாம் “சரி” என்று அமுக்கினால், அந்த நூறு பேரையும் கேளாமல் அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களாகின்றோம். நமது நாட்டில் உடனடிக் கடன் ஆப்கள் என்று வந்தவைகள் செய்த கொடுமையை யாவரும் அறிவார்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகத் திறந்துவிட்ட விலாசப் புத்தகத்தையும் படங்களையும் வைத்துக்கொண்டு, அக்காள் தங்கைக்கும், மாமனார் மாமியாருக்கும், வேலை பார்க்கும் இடத்துக்கும் போன் செய்து அவமானப்படுத்தினார்கள். மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்களும் உண்டு. இதற்குப் பிறகே ரிசர்வ் பாங்கு 2022இல், கடன் ஆப்கள் விலாசப் புத்தகத்தையும் பேச்சுக் கணக்கையும் தொடக்கூடாது என்று விதி செய்தது. போன உயிர் விதியால் திரும்புமா?

சட்டத்தைப் பொறுத்தவரையில், 2023இல் இந்தியப் பார்லிமெண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியிருக்கின்றது. சம்மதம் என்பது சுயேச்சையாகவும், விஷயம் தெரிந்தும், இன்ன காரியத்துக்கென்று குறிப்பிட்டும் கொடுக்கப்பட வேண்டும் என்றும், அதற்கான அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்தப் பாஷையிலும் கேட்டுப் பெறலாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றது. அவ்வட்டவணையில் தமிழும் இருக்கின்றது. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வெளியாயின; ஆனாலும் முக்கியமான பகுதிகள் 18 மாதம் கழித்தே அமுலுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். சட்டம் காகிதத்திலிருந்து தானாக இறங்கி வராது. “எனக்குத் தமிழில் சொல்” என்று கேட்பவர்கள் இருந்தால்தான் அது உயிர்பெறும்.

ஆகவே தோழர்களே! பக்கம் பக்கமாகப் படிக்கும்படி நாம் உங்களைக் கேட்கவில்லை. மூன்று கேள்விகளை மாத்திரம் கேளுங்கள் என்கின்றோம். இதைக் கொடுப்பவன் யார்? அவன் எதனால் பிழைக்கிறான்? கேட்கிற அனுமதிக்கும் செய்கிற வேலைக்கும் சம்பந்தம் உண்டா? டார்ச் விளக்குக்கு மாமன் மச்சான் நம்பர் எதற்கு? சாப்ட்வேர் வேண்டுமானால் கண்ட இடத்தில் எடுக்காமல், செய்தவர்களுடைய சொந்த ஸ்தலத்திலேயே எடுங்கள். ஏற்றும்போது “எக்ஸ்பிரஸ்” என்ற அவசர வழியை விட்டு, “கஸ்டம்” என்ற வழியில் போய், முன்கூட்டிப் போட்டிருக்கும் அடையாளங்களை எடுத்துவிடுங்கள். உபயோகமற்றதை நீக்குங்கள். முக்கியமாக, படித்த இளைஞர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் செல்போனை வாரத்துக்கு ஒரு நாளாவது எடுத்துப் பார்த்து, வேண்டாததைக் களைந்து, ஏன் களைந்தோம் என்பதையும் அவர்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். “உனக்குத் தெரியாது, கொடு” என்று பிடுங்கிச் செய்வது உதவியல்ல. அது அவர்களை மறுபடியும் கண்ணில்லாதவர்களாக வைப்பதேயாகும்.

“கம்ப்யூட்டர் விஷயம், நமக்கென்ன தெரியும், நடப்பது நடக்கட்டும்” என்பது பழைய தலைவிதி வாதத்தின் புதிய வேஷமே ஒழிய வேறல்ல. மனிதன் செய்த கருவி மனிதனுக்கு விளங்காமற் போகாது. கேட்கக் கூச்சப்படுகிறவரையில்தான் ஒற்றனுக்கு இடமுண்டு. இனியாவது நமது மக்கள் விரலை அமுக்குவதற்கு முன் ஒரு கணம் அறிவை உபயோகிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகின்றோம்.