பூநாரையின் காலடியில்

பனிக்காலத்தில் கோடியக்கரைக்குப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பூநாரையைத்தான். வந்துவிட்டால் பத்திரிகையில் படம் வரும். சதுப்பு நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். அந்த நிம்மதிக்குப் பூநாரையின் சாட்சி போதாது என்பது என் கட்சி. நான்கடி உயரப் பறவை அது. ஆழமான நீரிலும் நின்று, அலகைக் கவிழ்த்து அமிழ்த்தி வடிகட்டித் தின்னும். மீன்கூடப் பிழைக்காத உவர்நீரில் பெருகும் உப்பு இறால் அதற்கு விருந்து. ஆகவே நிலம் கெட்டுக்கொண்டிருக்கும்போதும் கொஞ்ச காலம் அது கூட்டமாகவே தெரியலாம். அதன் காலடியில் ஓடித் திரியும் கொசு உள்ளானுக்கு அந்தச் சலுகை இல்லை. எடை 30 கிராம் இருந்தால் அதிகம். ஆர்க்டிக் ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வந்து, கோடையில் திரும்பிப் பறப்பதற்குள் இங்கே தின்று கொழுத்தாக வேண்டும். அதற்குத் தேவை ஒரு விரற்கடை தண்ணீரும் புழு நெளியும் சேறும். வடகிழக்குப் பருவமழையின் நன்னீர் சதுப்பில் பரவி, பிறகு மெல்ல வற்றும்போதுதான் அந்தச் சேறு வெளிப்படும். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியின் நீரும் வண்டலும் கடைமடைக்கு முன்போல் வருவதில்லை. இந்த மாற்றம் முதலில் உறைப்பது குட்டைக் கால்களுக்குத்தான்.

சதுப்பை ஒட்டிய உப்பளமும் பறவைக்கு உணவிடம்தானே என்பார்கள். பாதி உண்மை. கடல்நீரைத் தேக்கும் தொடக்கப் பாத்திகளில் பறவைகள் மேயும். உப்புப் படியும் பாத்தியில் கொத்தித் தின்ன ஒன்றுமில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பூநாரையைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள், அந்த அக்கறையில் உள்ளானும் பிழைத்துப்போகும் என்பது. கோடியக்கரையின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. 1967-ல் சரணாலயம் அமைந்தது முக்கியமாக வெளிமானுக்காக. மான் மேய்ந்த காட்டைச் சுற்றித்தான் முதல் எல்லை. பெரிய சதுப்பு பிற்பாடுதான் உள்ளே வந்தது. சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைக்க 2002 ஆயிற்று. நட்சத்திரத்துக்காகப் போட்ட வேலி நட்சத்திரத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே எண்ண வேண்டியது உள்ளானைத்தான். அத்தனையும் ஒரே பழுப்பு, யாரால் எண்ண முடியும் என்ற கேள்வி நியாயமானதே. கொசு உள்ளானா, வளைமூக்கு உள்ளானா என்று தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் தடுமாறுவதுண்டு. ஆனால் பெயர் தெரியாமலும் எண்ணலாம். ‘சிறு உள்ளான்கள், ஏறத்தாழ நானூறு’ என்று ஒரே கரையில் நின்று, ஒரே மாதத்தில், வருஷம் தவறாமல் எழுதிவைத்தால் போதும்; ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. அப்போது மழைத் தண்ணீர் முழுதாக வடிந்திருக்காது. மார்ச்சிலும் ஒரு தடவை எண்ண வேண்டும். பூநாரைக்காக வந்த கூட்டம் அதற்குள் ஊர் திரும்பியிருக்கும். கரையில் நிற்க இடம் தாராளமாகக் கிடைக்கும்.