ஊக்கு எதற்கு, நூல் இருக்கே!

சாப்பிட்டு எழுந்ததும் தாலிச் செயினில் தொங்கும் ஊக்கை எடுத்துப் பல் குத்துவது நம்மில் பலருக்குப் பழக்கம். நானும் அப்படித்தான். ஈறு வீங்கி ரத்தம் வந்து பல் டாக்டரிடம் போனபோது, சரியான டோஸ்! "ரெண்டு வேளை தேய்க்கிறேனே..." என்றேன். பல் இடுக்கில் பிரஷ் நுழையாதாம். அதற்கென்றே விற்கும் 'ஃப்ளாஸ்' நூலை ஒரு முழம் எடுத்து, விரல்களில் சுற்றி, ஒவ்வொரு இடுக்கிலும் பல்லை ஒட்டினாற்போல் மெதுவாக மேலும் கீழும் தேய்க்கணும். ராத்திரி ஒரு வேளை போதும்.

"பல்லுக்குப் பூ கட்டுறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். பத்தே நாளில் ரத்தம் நின்றது. ஈறு நோய் இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டமாம். சர்க்கரை உள்ள என் மாமியாரோ ஊக்கை விடுவதாக இல்லை! நானும் தினமும் நூலை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி.