காசு கொடுத்தவன் பேச்சைக் கேக்காத கைடு

போன வாரம் ஒரு நண்பர், ரிஷிகேஷ்ல ராஃப்டிங் போகப் போறேன், எந்தக் கம்பெனி நல்லா இருக்கும்னு கேட்டார். கம்பெனி பேரு எதுவும் நான் சொல்லல. "எந்த இடத்துல எங்களை இறக்கி நடக்க வைப்பீங்க?"ன்னு அவங்ககிட்ட ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, "நடக்கிறதா? அதெல்லாம் கிடையாது சார், ஃபுல் த்ரில்"னு பதில் வந்தா வேற ஆளைப் பாருங்கன்னு சொன்னேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். காரணத்தை அவர்கிட்ட முழுசாச் சொல்லல. இங்க சொல்லிடறேன்.

2012 மார்ச். நாங்க எட்டு பேர். தேவப்பிரயாகையில அலக்நந்தாவும் பாகீரதியும் சேருற இடத்துலதான் ஆத்துக்கு கங்கைன்னே பேர் வருது. அங்கிருந்து ரிஷிகேஷ் வரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர், மூணு பகல், ரெண்டு ராத்திரி. எங்களுக்கு ஒரு ரப்பர் படகு, கூடாரமும் சமையல் சாமானும் ஏத்தின இன்னொரு படகு, யாராவது தண்ணியில விழுந்தா பிடிக்க ஒரு கயாக். கைடு கட்வால் பக்கத்துப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். விழுந்தா மல்லாந்து படுங்க, காலை ஆறு போற பக்கம் நீட்டுங்க, எழுந்து நிக்க மட்டும் பாக்காதீங்க, கால் பாறை இடுக்குல மாட்டினா தண்ணி ஆளை அமுக்கிடும். எல்லாரும் தலையாட்டினோம். பாதிப்பேர் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தோம், ஹி ஹி.

முதல் ராத்திரி கௌடியாலாவுக்குக் கொஞ்சம் மேல மணல்ல கூடாரம். படுக்கப் போறதுக்கு முன்னாடி கைடு தண்ணி ஓரத்துல ஒரு குச்சியை நட்டு வெச்சார். எதுக்குன்னு கேட்டதுக்கு, மேல டெஹ்ரியில அணை இருக்கு, கரண்டுக்காகத் தண்ணி விடறப்ப ஆறு ஏறும், குறைச்சா இறங்கும்னார். காலையில பார்த்தா குச்சி ஒரு சாண் தண்ணிக்குள்ள நிக்குது. எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. அவர் மட்டும் டீ டம்ளரோட அதையே பார்த்துக்கிட்டு நின்னார்.

அன்னிக்கு வரவேண்டியது 'தி வால்'. நம்மூர் வால் இல்லீங்க, சுவர். (டிராவிட் ரிட்டயர் ஆன அதே மாசம், அந்த ஜோக்கை எட்டு பேரும் தனித்தனியாச் சொல்லியாச்சு.) அந்த வழியில இருக்கறதுலயே முரட்டு இடம் அதுதான், கிரேடு நாலு. நாங்க பணம் கட்டினதே அதுக்காகத்தான். கைடு படகைக் கரையில ஒதுக்கி, பாறை மேல ஏறிப் பத்து நிமிஷம் பார்த்துட்டு வந்து, "நீங்க நடந்து வாங்க, படகை நாங்க கொண்டு வர்றோம்"னார்.

அவ்வளவுதான், ஆரம்பிச்சிட்டோம். எவ்வளவு கட்டியிருக்கோம் தெரியுமா, எங்க ஆளு ஒருத்தர் நீச்சல்ல மெடல் வாங்கினவர், கையெழுத்துப் போட்டுத் தர்றோம். அதிகமாப் பேசினது நான்தான். அவர் எதுக்கும் அசையல. நாங்க பாறை மேல தட்டுத் தடுமாறி நடந்தோம். அவங்க படகு எந்தச் சேதாரமும் இல்லாம அழகா வந்து சேர்ந்துச்சு. அதுதான் எங்களுக்கு இன்னும் கடுப்பு. "பாத்தியா, ஒண்ணுமே ஆகல!" பியாசியில டீக்கடையில நிறுத்தினப்ப, எங்கள்ல ஒருத்தர் கம்பெனிக்கு போன் போட்டுப் புகாரே சொல்லிட்டார்.

மூணாம் நாள் ஷிவ்புரி தாண்டி 'ரோலர் கோஸ்டர்'. முந்தினதைவிடச் சின்னது. அங்க நான் விழுந்தேன். சில நொடிதான் இருக்கும். பனி உருகின தண்ணி, விழுந்ததும் மூச்சே வரல. மல்லாந்து படுக்கணும்னு ஞாபகமே இல்ல. எது செய்யக் கூடாதுன்னு சொன்னாரோ அதையேதான் செஞ்சேன், எழுந்து நிக்கப் பார்த்தேன். கால் ஒரு கல்லுல பட்டு வழுக்குச்சு, மாட்டல. கைடு எறிஞ்ச கயிறு நெஞ்சு மேல வந்து விழுந்துச்சு. இழுத்துப் போட்டுட்டு, "டீக் ஹை?"ன்னு மட்டும் கேட்டார்.

ரிஷிகேஷ்ல கரையேறினா கம்பெனி மேனேஜர் காத்துக்கிட்டு இருக்கார். எங்க எட்டு பேருக்கு முன்னாடியே அந்தப் பையனுக்குச் செம டோஸ். கஸ்டமரை அப்செட் பண்ணிட்டியே, காசு திருப்பிக் கேக்கறாங்களேன்னு. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நனைஞ்ச கயிறைச் சுருட்டி பையில போட்டுக்கிட்டு இருந்தார். அதே கயிறு. "இல்ல சார், அவர் செஞ்சதுதான் சரி"ன்னு சொல்ல எனக்கு அஞ்சு செகண்டு போதும். சொல்லல. பக்கத்துல நண்பர்கள் நின்னாங்க, புகார்ல எனக்கும் பங்கு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

2014 ஜூன்ல இமாச்சல்ல பியாஸ் ஆத்துல அணைத் தண்ணி திடீர்னு வந்து ஹைதராபாத் மாணவர்கள் 24 பேரை அடிச்சுக்கிட்டுப் போனப்ப, எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் குச்சிதான்.

கைடு சோம்பேறித்தனத்துக்காகக் கூட நடக்கச் சொல்லலாமேன்னு கேப்பீங்க. யோசிச்சுப் பாருங்க, எட்டு பேரைப் பாறை மேல நடத்திக் கூட்டிட்டுப் போய்த் திரும்பப் படகுல ஏத்தறதுதான் அவருக்கு அதிக வேலை, அதிக நேரம். திட்டு வேற. ஏத்திக்கிட்டு விட்டுடறதுதான் சுலபம். நாமளும் கைதட்டி டிப்ஸ் கொடுத்திருப்போம். இப்ப அதுக்கு அஞ்சு நட்சத்திரமும் போடறோம். 'வேணாம்'னு சொன்ன ஆளுக்கு ஒரு நட்சத்திரம். இப்படியே போனா 'வேணாம்'னு சொல்ற கைடு யாருமே மிஞ்ச மாட்டாங்க. அதைச் செய்யறது கம்பெனி மட்டும் இல்ல, நாமளும்தான்.

2015 டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா - ரிஷிகேஷ் கரை மணல்ல கூடாரம் போடத் தடை போட்டுச்சு. அதனால எங்களுக்குக் கிடைச்ச மாதிரி மணல் படுக்கை உங்களுக்குக் கிடைக்குமான்னு தெரியல. ஆறு இருக்கு, போய்ட்டு வாங்க. கைடு இறங்கச் சொன்னா இறங்குங்க. முடிஞ்சா கரையேறினதும் மேனேஜர் காதுல விழற மாதிரி அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க. நான் பாக்கி வெச்சது அது.

டிஸ்கி: நண்பர் அந்தக் கேள்வியை மூணு கம்பெனியில கேட்டிருக்கார். ஒருத்தர்தான் "வால்ல நடக்க வேண்டி வரலாம், அன்னிக்குத் தண்ணியைப் பார்த்துதான் சொல்ல முடியும்"னாராம். அங்கயே புக் பண்ணிட்டார் :-)