பிள்ளைகளை ஆண்டு முழுக்க ஆட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐஎஸ்எல் கால்பந்துத் தொடர் நடக்குமா நடக்காதா, உரிமம் யார் கைக்குப் போகும், எந்த கிளப் சம்பளத்தை நிறுத்தியது என்று 2025இன் பிற்பாதி முழுவதும் நாளிதழ்களில் படித்தோம். அந்தச் செய்திகளுக்குக் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அகாடமிப் பிள்ளைகளின் தேசியப் போட்டிக்குக் கிடைக்கவில்லை. அந்தப் போட்டி நடத்தப்படும் முறை மாற வேண்டும் என்று கேட்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. அகாடமி ஒன்றில் ஆடுகிறான். அவனைப் போன்ற பல பிள்ளைகளின் விஷயம் இது.

இளம் வீரர்களை வளர்க்க 2010இல் தொடங்கிய இந்தியன் ஆரோஸ் அணியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2022இல் கலைத்தது. ஒரே அணியில் இருபத்தைந்து பேரை வைத்துப் பொத்திப் பொத்தி வளர்ப்பதைவிட, நாடெங்கும் உள்ள அகாடமிகளை ஒன்றோடொன்று மோதவிடுவது மேல் என்று முடிவெடுத்து ‘எலைட் யூத் லீக்’கைக் கொண்டுவந்தார்கள். யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. பதினைந்து, பதிமூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் தனித்தனி லீக் உண்டு. ஆனால் பெயரில்தான் லீக். மண்டல அளவில் சில ஆட்டங்கள் நடக்கும். அதில் தேறினால் தேசியச் சுற்று, தேறாவிட்டால் அந்த ஆண்டின் கதை அத்தோடு முடிந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி, பயிற்சி, பயிற்சி மட்டும்தான். பதினாறு வயதுப் பையன் மேட்ச் ஆடாமல் எதைக் கற்றுக்கொள்வான்?

இப்படிப்பட்ட குறுகிய போட்டிகளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோடைக்காலம், செயற்கைப் புல் மைதானம், காலை ஒன்பதரைக்கு மேட்ச். அந்த டர்ஃபில் தூவியிருக்கும் கருப்பு ரப்பர் துகள் வெயில் ஏற ஏற அடுப்புபோல் காயும். இடைவேளையில் பையன்கள் ஓடிவந்து பூட்ஸைக் கழற்றாமல் அதற்குள்ளேயே தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். ஒரு பையனின் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். பிளாஸ்திரி ஒட்டி மறுபடியும் இறக்கினார்கள். ஒரு நாள் விட்டு அடுத்த மேட்சுக்கும் அவனே இறங்கினான், ஏனென்றால் அந்த மேட்ச்சில் தோற்றால் போட்டியிலிருந்தே வெளியே.

இந்தக் கொடுமையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. என் மகனின் அணியில் நடுக்களத்தில் ஆடும் குள்ளமான பையன் ஒருவன் இருக்கிறான். பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்வான். வந்ததும் ஒரே தொடுதலில் எதிராளியைக் கடந்துபோவான். பயிற்சியில் அவன் ஆட்டத்தைப் பார்க்கவே நாங்கள் கொஞ்சம் முன்னதாகப் போவோம். போட்டி தொடங்கியது முதல் முடியும்வரை அவனுக்குப் பெஞ்ச்தான். கோச்சிடம் கேட்டேன். “திறமை இருக்கு சார், இல்லன்னு சொல்லல. ஆனா இங்க ஒரு மேட்ச் தோத்தா மூட்டை கட்டணும். உடம்பு இருக்கிறவனத்தான் நான் இறக்க முடியும்” என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தோற்றால் அவர் வேலைக்கே ஆபத்து.

குறுகிய போட்டி என்றாலே சீக்கிரம் வளர்ந்த பையனுக்குத்தான் லாபம். வயதுக் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குவதால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பதினைந்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது தோள் அகலத்திலேயே தெரியும். வயதைக் குறைத்துக் காட்டும் மோசடிக்கும் இதுதான் உரம். அதைப் பிடிக்க மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் சில ஆட்டங்களிலேயே எல்லாம் தீர்மானமாகிவிடும் போட்டியை வைத்துக்கொண்டு, வளர்ந்த பையனைத் தேடி அலையாதே என்று அகாடமிகளுக்குப் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? ஆண்டு முழுக்க ஆட்டம் இருந்தால் ஒரு தோல்வி யாரையும் கொன்றுவிடாது. கோச்சும் அந்தக் குள்ளப் பையனைத் தைரியமாக இறக்குவார்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தாகாமதோ கோப்பை பிரீமியர் லீக் 2011இல் தொடங்கியது. கிழக்கில் 12 அணிகள், மேற்கில் 12 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு சொந்த ஊரிலும் வெளியூரிலும் மோதும். ஆக, ஓர் அணிக்கு 22 ஆட்டங்கள். ஏப்ரலில் தொடங்கி டிசம்பர்வரை நடக்கும். கிழக்கில் வென்ற அணியும் மேற்கில் வென்ற அணியும் டிசம்பரில் ஒரே ஒரு இறுதி ஆட்டத்தில் மோதும். தேசிய சாம்பியன் பட்டம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது 22 ஆட்டங்களுக்குப் பிறகுதான் வருகிறது. அதற்குக் கீழே ஒன்பது வட்டாரங்களுக்கான லீக், அதற்கும் கீழே மாநில அளவு லீக். கீழே ஜெயிப்பவன் மேலே ஏறலாம், மேலே தோற்பவன் கீழே இறங்குவான். தொழில்முறை கிளப்புகளின் அகாடமிகளும் சாதாரணப் பள்ளி அணிகளும் ஒரே லீக்கில் ஆடுகின்றன. 2019இலும் 2023இலும் கோப்பையைத் தூக்கியது அவோமோரி யமாதா என்ற உயர்நிலைப் பள்ளி. 2019 இறுதி ஆட்டத்தில் அது வென்றது நகோயா கிராம்பஸ் கிளப்பின் இளையோர் அணியை.

நம் ஊரில் அப்படிக் கீழிருந்து மேலே வரும் கதவு எங்கே இருக்கிறது? நான் இருப்பது வியாசர்பாடியில். சாயங்காலம் ஆனால் எங்கள் கிரவுண்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகக் கோல் அடித்து ஜெயிக்கவைத்த நந்தகுமார் சேகர் இந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்தவர். 2022-23 ஐஎஸ்எல் பருவத்தின் வளரும் வீரர் விருதைப் பெற்ற சிவசக்தி காரைக்குடிப் பக்கம் கண்டனூர்க்காரர். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் எத்தனை பேர்! இந்த இடங்களில் உள்ள அணிகள் தேசிய லீக்குக்குள் நுழைய வேண்டுமென்றால் மைதானம், உரிமம் பெற்ற பயிற்சியாளர்கள், மருத்துவ ஏற்பாடு எல்லாம் காட்டி அங்கீகாரம் வாங்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அந்த விதிகள் அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடி ஜெயித்து வருகிறவனைவிடப் பணம் இருக்கிறவனுக்கே சுலபமாகத் திறக்கிற கதவை ‘தேசிய’ லீக் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளைகளிடம் சரக்கு இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. 1974இல் பாங்காக்கில் ஆசிய இளையோர் கோப்பையை ஈரானோடு பகிர்ந்துகொண்ட நாடு இது. 2018இல் நம் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்கள் மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் காலிறுதிவரை போய், தென் கொரியாவிடம் ஒரே ஒரு கோலில் தோற்று இளையோர் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தார்கள். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் நம் சீனியர் அணி வங்கதேசத்திடம் தோற்றது. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து அகமதாபாத்தில் நம் பதினேழு வயதுக்கு உட்பட்ட அணி ஈரானை 2-1 என்று வீழ்த்தி அந்த வயதினருக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. பதினேழில் ஈரானை ஜெயிக்கிறவன் இருபத்து மூன்றில் எங்கே போகிறான்? நடுவில் உள்ள ஆறு ஆண்டுகளில் அவன் எத்தனை மேட்ச் ஆடினான் என்று கணக்கெடுத்தால் பதில் கிடைக்கும்.

பணம் இல்லை, நாடு பெரிது, பயணச் செலவு தாங்காது என்பார்கள். அணிகளை ஓர் ஊருக்கு இழுத்துவந்து விடுதியில் தங்கவைப்பதும் செலவுதானே? சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரு ராத்திரி ரயில், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அப்படியே. சனி ஞாயிறுகளில் நடத்தினால் படிப்பும் கெடாது. ஜூலையில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடித்தால் கத்திரி வெயிலும் இல்லை, மார்ச் பொதுத்தேர்வும் குறுக்கே வராது. இப்போது தேதி கடைசி நேரத்தில் வருவதால் ஸ்லீப்பர் வகுப்பில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர் நாங்கள். 2047க்குள் ஆசியாவின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாவோம் என்று 2023இல் கூட்டமைப்பு பெரிய திட்டம் வெளியிட்டது. 2047இல் ஆடப்போகிறவன் இன்னும் சின்னக் குழந்தை. இன்று பதினாறு வயதில் இருப்பவனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறதா?

கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்வது இதுதான். வரும் பருவத்தின் முழு அட்டவணையும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். ஓர் அணிக்குக் குறைந்தது இருபது ஆட்டங்கள் அதில் இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பையனும் பருவத்தில் குறைந்தபட்சம் இத்தனை நிமிடமாவது ஆடியாக வேண்டும் என்று விதி எழுத வேண்டும். தமிழ்நாடு கால்பந்துச் சங்கம் டெல்லி உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி அணிகளையும் தெரு அணிகளையும் அகாடமிகளோடு சேர்த்து மாநில லீக் ஒன்றை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்குக் கிரவுண்டில் கோடு போடுவது முதல் பந்து பொறுக்குவதுவரை உதவ, வியாசர்பாடிப் பெற்றோர் நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து ஆடும் பையன் ஒருவனின் தந்தை,
வியாசர்பாடி, சென்னை - 39