ஒரு டாங்கியும் பத்தொன்பதாயிரம் அடுப்பும்

"ஆயுதத் தொழில் வருகிறது, வேலை வருகிறது, கேள்வி கேட்காமல் கை தட்டுங்கள்!" தமிழ்நாட்டு உழைப்பாளிகளுக்குச் சில ஆண்டுகளாக இப்படியொரு உபதேசம் நடந்து வருகிறது. டில்லி மந்திரிகள் வந்தாலும் இதே பேச்சு. கோட்டையில் இருப்பவர்கள் வாயிலும் இதே பேச்சு. 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரி 20-ந் தேதி திருச்சியில் விழா எடுத்துத் துவக்கிய 'பாதுகாப்புத் தொழில் வழித்தடம்' சென்னை, ஒசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைக்கிறதாம். பட்டறைகள் பெருகுமாம். மில்லில் ஆள்குறைப்புக்கு இரையானவர், அறுவடை மிஷின் வந்ததால் வயலில் வேலையிழந்தவர், எல்லோருக்கும் அங்கே இடமுண்டாம்.

இதை எதிர்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டு விட்டால் போதும். "எல்லையில் எதிரி நிற்கிறான், நீ தேசத் துரோகியா?" என்று பாய்கிறார்கள். நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லையில் பனியில் நிற்பவன் மில் முதலாளியின் மகனல்ல, குடியானவன் மகன். அவனுக்குத் துப்பாக்கியும் வேண்டும், கம்பளியும் வேண்டும், காலுக்கு நல்ல பூட்ஸும் வேண்டும். ஓய்வு பெற்ற சிப்பாய்களின் பென்ஷனுக்காக 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கிய 1,60,795 கோடி ரூபாயில் ஒரு காசைக் கூட நாம் குறை சொல்லவில்லை. காவல் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ஆயுதம் செய்வது வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு மருந்தா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் ஏற்றப் பார்க்கிறார்கள். மூட்டையை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

கணக்கை அவர்கள் சொன்ன தொகையிலிருந்தே எடுத்துக் கொள்வோம். 2021 செப்டம்பரில், 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் செய்து கொடுக்கும்படி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு டில்லி சர்க்கார் ஆர்டர் கொடுத்தது. தொகை 7,523 கோடி ரூபாய். இதனால் சுமார் 8,000 பேருக்கு வேலை வாய்ப்பு என்று சர்க்கார் அறிக்கையே பெருமை பேசிற்று. சரி, வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 94 லட்சம் ரூபாய்! ஆவடியில் எந்த பிட்டராவது, வெல்டராவது 94 லட்சத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா? சில ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டாலும் சம்பளமாக வருவது அதில் ஒரு சிறு துண்டுதான். மீதி உருக்குக்கும், கருவிகளுக்கும், சப்ளை செய்யும் கம்பெனிகளின் லாபத்துக்கும், கடல் கடந்தும் போகிறது. அர்ஜுனின் பெயர் நம் பாரதக் கதையிலிருந்து வந்தது. அதன் எஞ்சின் ஜெர்மனியின் எம்.டி.யு. கம்பெனியிலிருந்து வருகிறது.

அந்த ஆர்டர்படி ஒரு டாங்கியின் விலை 63 கோடியே 75 லட்சம். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு டில்லி நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் குறைவில்லாமல் வேலை கொடுத்தால் (கொடுப்பதில்லை என்பது நமக்குத் தெரியும்) ஒரு குடும்பத்துக்கு 33,600 ரூபாய். ஒரே ஒரு டாங்கியின் விலையில் ஏறக்குறைய 19,000 குடும்பங்களுக்கு நூறு நாள் கூலி கொடுத்து விடலாம்.

அந்தக் கூலி பெட்டிக்குள் தூங்காது. அரிசிக் கடைக்குப் போகும், மளிகைக் கடைக்குப் போகும், பையனுக்கு நோட்டுப் புத்தகமாகும், தீபாவளிக்கு ஒரு சேலையும் ஒரு வேட்டியுமாகும். பத்தொன்பதாயிரம் வீடுகளில் சேலை எடுத்தால் தறி ஆடும். தறி ஆடினால் நூல் வேண்டும். நூல் வேண்டுமென்றால் மில் மூன்று ஷிப்டும் ஓடும். கீழத்தஞ்சையில் நாற்று நடும் பெண்ணின் கூலிக்கும் கோவையில் ஸ்பின்னிங் ஓட்டுபவனின் வேலைக்கும் உள்ள பந்தம் இதுதான். டாங்கியோ நூல் வாங்காது. செய்து முடித்த பிறகு ஷெட்டில் நிற்கும், டீசல் குடிக்கும், ரிப்பேர் கேட்கும். அதனால் ஒரு படி நெல் அதிகம் விளையாது. யுத்தம் வராவிட்டால் துருவேறும், வந்தால் எரியும்.

இது ஏதோ நமது கட்சிக்காரர்களின் கற்பனை என்று சிலர் சொல்லக்கூடும். ஆயுத வியாபாரத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: 100 கோடி டாலரை ராணுவத்தில் செலவிட்டால் சுமார் 11,200 வேலைகள் உண்டாகும். அதே பணத்தை வைத்தியத்தில் போட்டால் 17,200. பள்ளிக்கூடத்தில் போட்டால் 26,700. இரண்டு மடங்குக்கும் மேல்! அங்கே உண்மையானது இங்கே பொய்யாகுமா? இங்கே ஆசிரியர் இல்லாத பள்ளிக்கும் நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் பஞ்சமா?

தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் வெளியிட்ட விமான, பாதுகாப்புத் தொழில் கொள்கையையும் பாருங்கள். பத்தாண்டுகளில் 75,000 கோடி ரூபாய் மூலதனம், ஒரு லட்சம் வேலை என்பது அதன் இலக்கு. ஒரு வேலைக்கு 75 லட்சம் ரூபாய் மூலதனம்! கோவையில் பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவரிடம் 75 லட்சத்தைக் கொடுத்து, எத்தனை பேரை வேலைக்கு வைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் என்று சொன்னால் பக்கத்துப் பட்டறைக்காரரே சிரிப்பார்.

இனி டில்லி கஜானா. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி. சுகாதாரத்துக்கு 99,858 கோடி, கல்விக்கு 1,28,650 கோடி, நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. மூன்றையும் கூட்டினாலும் பாதுகாப்புச் செலவில் பாதி வரவில்லை. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாநில சர்க்கார்கள் தனியே செலவிடுகின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் மாநிலங்களின் கையைக் கட்டிப் போடுவதும் டில்லிதானே? 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தையே எடுத்து விட்டு, 125 நாள் என்று ஆசை காட்டி வேறொரு சட்டம் கொண்டு வந்தார்கள். அதில் செலவில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில் விழுகிறது. டாங்கிக்கு மட்டும் இப்படிப் பங்கு கேட்பதில்லை!

ஆயுதத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர் அல்லது இருவர். கணக்கு கேட்டால் 'ரகசியம்'. ரபேல் விமானக் கதை மறந்து விட்டதா? முதலில் 126 விமானங்கள், அதில் 108-ஐ இந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் பொதுத்துறை ஆலையில் செய்வது என்று பேச்சுவார்த்தை நடந்து வந்தது. அதை 2015-ல் கைவிட்டார்கள். 2016-ல் 36 விமானங்கள், சுமார் 59,000 கோடி ரூபாய், அத்தனையும் பிரான்சிலேயே தயார். இந்தியத் தொழிலாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை எங்கே போயிற்று? விலை விவரம் கேட்ட லோக்சபாவுக்கு ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு மூடிய உறையில் கொடுத்தார்கள். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்குக் கைரேகை வைக்கச் சொல்கிற சர்க்கார், 59,000 கோடிக்கு உறை போட்டு ஒட்டுகிறது.

வேலை தருவதாகச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே இருந்த வேலையை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆவடியில் டாங்கி, திருச்சியில் துப்பாக்கி, அருவங்காட்டில் வெடிமருந்து என்று நாடெங்கும் 41 சர்க்கார் தொழிற்சாலைகள், சுமார் 70,000 தொழிலாளிகள். 2021 அக்டோபர் 1-ந் தேதி இவற்றை ஏழு கம்பெனிகளாகத் துண்டு போட்டார்கள். சர்க்கார் ஊழியராகச் சேர்ந்தவர்களை 'டெபுடேஷன்' என்று கம்பெனிக்கு அனுப்பி, பிறகு கெடுவை நீட்டி நீட்டி, நாளை என்ன ஆகுமோ என்ற திகிலில் வைத்தார்கள். சங்கங்கள் ஒன்று சேர்ந்து வேலைநிறுத்தம் செய்யத் தீர்மானித்தபோது, 2021 ஜூன் 30-ந் தேதி அவசரச் சட்டம் பாய்ந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு ஜெயில், செய்யத் தூண்டினால் இரண்டாண்டு. ஓட்டும் போடலாம், டாங்கியும் செய்யலாம், நியாயம் கேட்டு வேலையை மட்டும் நிறுத்தக் கூடாது!

சிப்பாயின் வேலையையும் விட்டு வைக்கவில்லை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டப்படி பட்டாளத்தில் சேரும் பையனுக்கு நான்கே ஆண்டு வேலை. பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிறுத்திக் கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. 'சேவா நிதி' என்று ஒரு தொகை, அதிலும் அவனுடைய சம்பளப் பிடித்தமே ஒரு பங்கு. மில்லில் பதிலியாக அலைந்த தகப்பனுக்குப் பட்டாளத்திலும் பதிலியாக ஒரு மகன். கம்பெனிகளுக்கு மட்டும் ஆர்டர் பல ஆண்டுகளுக்கு!

ஆவடித் தொழிலாளி ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: "தோழரே, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. டாங்கி வேண்டாமென்றால் எங்கள் அடுப்பு எப்படி எரியும்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் சமாதானம் பேசுவதில் பயனில்லை. ஆவடியில் ஒரு தொழிலாளியைக் கூட வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் நமது நிலை. டாங்கி செய்யும் கைக்கு டாங்கி மட்டும்தான் செய்ய வரும் என்பதைத்தான் நாம் ஒப்புக் கொள்ளவில்லை.

இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனி. பாடித் தொழிலாளிகளுக்கு லூகாஸ் பெயர் பழக்கமானதுதான். அந்தக் கம்பெனியின் வேலையில் பெரும் பங்கு ராணுவ விமானங்களுக்கானது. ஆட்குறைப்பு வந்தபோது பல ஆலைகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் ஒன்று கூடினார்கள். எந்த மிஷினில் என்ன செய்ய முடியும், எந்தத் தொழிலாளிக்கு என்ன கைத்திறன் என்று ஆலை ஆலையாகக் கேட்டுத் திரட்டி, 1976-ல் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு மிஷின், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ், வீட்டுக்குச் சூடேற்றும் பம்ப் என்று சுமார் 150 பொருட்கள். கம்பெனி மறுத்து விட்டது. முடியாதது என்பதால் அல்ல. என்ன உற்பத்தி செய்வது என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதா என்ற ஆத்திரம்தான் காரணம்.

ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, அதே ரயில் பாதையில் கொஞ்ச தூரத்தில், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யத் தொடங்கி விட்டார்கள். அங்கும் உருக்குத்தான், வெல்டிங்தான், அதே கை வேலைதான். அந்தப் பெட்டியில் ஜனங்கள் ஏறி வேலைக்குப் போகிறார்கள். சிறு பாசன இஞ்சின், டயாலிசிஸ் மிஷின், ஆஸ்பத்திரிக் கட்டில், ஆம்புலன்ஸ் வண்டி இவற்றை ஆவடியும் திருச்சியும் செய்ய முடியாதா? முடியும் என்பதை அங்குள்ள தொழிலாளியை விட நன்றாக அறிந்தவர் யார்?

வழித்தடத்தைப் பற்றிப் பேச அடுத்த முறை மந்திரியோ எம்.பி.யோ உங்கள் ஊருக்கு வரும்போது, மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒன்றாகவே போய் மனு கொடுங்கள். அந்த 94 லட்சத்தில் கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு, கடல் கடந்தது எவ்வளவு என்று எழுத்தில் பதில் கேளுங்கள். 'ரகசியம்' என்று சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கி வாருங்கள்.