ஐந்து வயதுக் குழந்தையும் ஓர் ஆளுநரும்

நியூஜேர்சி உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது குசினியில் சமைக்கிறேன். முன்னாள் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியை நானும் ஒருகாலம் நல்லவர் என்றுதான் சொன்னேன். 2012இல் சாண்டி புயல் அடித்தபோது கட்சி பாராமல் ஒபாமாவோடு நின்றார். 2013 டிசம்பரில், விசா இல்லாத பிள்ளைகளும் உள்ளூர்க் கட்டணத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

பிறகு ஜனாதிபதி ஆசை வந்தது. 2015 நவம்பரில், பாரிஸ் தாக்குதலை அடுத்து, ஐந்து வயதுக்குட்பட்ட சிரிய அநாதைக் குழந்தையைக்கூட விடக்கூடாது என்றார். அதே மனிதர்தான்! நியூஹாம்ப்ஷயரில் ஆறாமிடம். போட்டியிலிருந்து விலகி டிரம்ப்பின் பக்கம் போனார். 2023இல் அதே டிரம்ப்பை எதிர்த்து மறுபடி இறங்கி, 2024 ஜனவரியில் விலகினார்.

அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் கேள்வி. அவர் வாக்குப் பார்த்துக் கதைத்தார். அந்தக் குழந்தைக்கு வாக்கில்லை. ஆனால் அன்று எங்கட ஆக்களிலும் சிலர் "சரியாத்தானே சொல்லுறார்" என்று தலையாட்டினார்கள். அதுதான் எனக்குச் சுட்டது.

நாங்கள் வந்தபோதும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துதானே விட்டார்?